கணக்குப் பார்க்காத குற்றம்!

1873ஆம் ஆண்டு, நவம்பர் திங்கள். நியூயார்க் மாநகரிலே ஒரு நீதிமன்றம். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கட்டியும் கட்டி முடியாத பளிங்குக் கட்டடம். அதன் கூடத்திலே பருத்த உடலும் அகன்ற நெற்றியும் கொண்ட ஒருவன் தீர்ப்பை எதிர்பார்த்து நிற்கிறான். மூன்றாண்டுகளுக்கு முன்னால் அவன் கண்ணசைத்தால் மேயர் கையெழுத்திடுவார். அவன் தலையசைத்தால் சட்டசபை கை தூக்கும். அவன் பெயரைச் சொன்னால் நீதிபதிகளிலே சிலருக்கு நீதியே மறந்துபோகும். அந்தக் கட்டடமே அவனுடைய ஆட்சியில் எழுந்ததுதான். தான் எழுப்பிய மன்றத்திலேயே தலைகுனிந்து நிற்கிறான்!

அவன் பெயர் வில்லியம் ட்வீட். நகரத்துப் பணத்தைக் கோடி கோடியாக விழுங்கியவன் என்று ஊரே பேசிற்று. கொள்ளைக் குற்றம் சாட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. கணக்குப் பார்க்க வேண்டிய குழுவிலே உறுப்பினனாக இருந்துகொண்டு, கணக்குப் பார்க்காமல் விட்டுவிட்டான் என்பதுதான் குற்றச்சாட்டு. 55 பில்கள், பில் ஒன்றுக்கு நான்கு குற்றமாக 220 குற்றங்கள். அவற்றிலே 204 மெய்ப்பிக்கப்பட்டன.

கணக்குப் பார்க்காதது அவ்வளவு பெரிய குற்றமா என்று கேட்கத் தோன்றும். தோழர்களே, அந்தக் கேள்விக்கு விடை ட்வீட்டின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஆகவே அந்த வாழ்க்கையைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

ஏழையின் பிள்ளை

ட்வீட் மாளிகையிலே பிறந்தவனல்ல. 1823ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், நியூயார்க்கின் கிழக்குப் பகுதியிலே செர்ரி தெருவில் பிறந்தான். தகப்பனார் நாற்காலி செய்யும் தொழிலாளி. பையனும் உளி பிடித்தான், பிரஷ் கடையிலே கணக்கெழுதினான். ஆம், கணக்கெழுதத் தெரிந்தவன்தான்! பின்னாளில் கணக்கைக் குழப்பியது, கணக்குத் தெரியாததால் அல்ல, நன்றாகத் தெரிந்ததால்.

அந்நாளிலே நியூயார்க்கில் தீ அணைக்கும் வேலையைத் தெருவாரியாக இளைஞர் படைகளே செய்துவந்தன. 1848இல் அப்படி ஒரு படை அமைந்தபோது ட்வீட் அதிலே சேர்ந்தான், விரைவிலேயே தலைவனானான். புலிமுகம் அந்தப் படையின் சின்னம். தீயைக் கண்டால் ஓடுவான், தோள் கொடுப்பான், தோழர்களுக்கு விருந்து வைப்பான். தெரு அவனைத் தன் பிள்ளையாகக் கொண்டது. அந்தச் செல்வாக்கு 1851இல் அவனை நகரமன்ற உறுப்பினனாக்கிற்று. அவன் போய் உட்கார்ந்த அந்த மன்றத்துக்கு மக்கள் சூட்டியிருந்த பெயர், நாற்பது திருடர்கள்! பாடம் படிக்க நல்ல பள்ளிக்கூடம்!

அங்கிருந்து இரண்டாண்டுகள் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போனான். வாஷிங்டன் அவனுக்குச் சுவைக்கவில்லை. பேச்சுக்கு அங்கே மதிப்பு இருந்தது. பில்லுக்கு இங்கேதான் பணம் இருந்தது. திரும்பி வந்தான். டம்மனி என்பது நியூயார்க்கில் டெமாக்ரட் கட்சியை ஆட்டிவைத்த கழகம். அதன் படிகளிலே ஒவ்வொன்றாக ஏறி, 1868இல் உச்சிக்கே போய்ச் சேர்ந்தான். அதே ஆண்டு மாநில மேல்சபையிலும் அமர்ந்தான்.

காவலுக்கு வைத்த ஆறும் ஆறும்

இங்கேதான் நமக்கு வேண்டிய செய்தி தொடங்குகிறது. நியூயார்க்கிலே கணக்கைக் காவல் காக்க ஏற்பாடே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்பாடு இருந்தது. நகரத்து நிர்வாகத்திலே ஊழல் மலிந்துவிட்டதென்று, 1857இல் மாநிலச் சட்டசபை ஒரு மேற்பார்வைக் குழுவைத் திருத்தி அமைத்தது. பன்னிரண்டு பேர். ஆறு பேர் டெமாக்ரட். ஆறு பேர் ரிபப்ளிகன். ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள், ஒரு காசு களவு போகாது என்பது கணிப்பு.

கேட்பதற்கு அழகான ஏற்பாடு! நடந்ததோ வேறு. முக்கியமான ஒரு கூட்டத்துக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் வரவில்லை. வராமல் இருப்பதற்கு அவர் வாங்கிய கூலி 2,500 டாலர் என்று ட்வீட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டான். வந்து வேலை செய்வதற்குக் கூலி வாங்குவான் பாட்டாளி. வராமல் இருப்பதற்குக் கூலி வாங்கினார் அந்தக் கண்ணியவான்! பிறகென்ன? நகரத்துக்குச் சரக்குக் கொடுப்பவன் 100 டாலர் சரக்குக்கு 115 டாலர் பில் எழுத வேண்டும். கூடுதல் 15 டாலர் குழுவுக்கு வந்து சேர வேண்டும். எதிரும் புதிருமாக உட்கார வைத்த ஆறும் ஆறும் ஒரே இலையில் சாப்பிடத் தொடங்கின.

நால்வர் கூட்டு

ஆண்டுகள் ஓடின. ட்வீட்டைச் சுற்றி மூவர் சேர்ந்தார்கள். மேயர் ஓக்கி ஹால், நகரத்தின் நிதிக் கணக்கர் ரிச்சர்டு கானலி, சூழ்ச்சிக்குப் பெயர்போன வழக்கறிஞர் பீட்டர் ஸ்வீனி. கையெழுத்துப் போடுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர், வழி சொல்பவர் ஒருவர், எல்லாரையும் ஆட்டிவைப்பவன் ஒருவன்!

1870இல் நகரத்துக்குப் புதிய சாசனம் ஒன்று வந்தது. மாநிலத் தலைநகரிலிருந்து நகரத்தை ஆட்டிப் படைத்தது போதும், நகரத்தை நகரத்தாரே ஆளட்டும் என்பது அதன் முழக்கம். நல்ல முழக்கம், நியாயமான முழக்கம். நேர்மையாளர் பலரும் அதை ஆதரித்தார்கள். நிறைவேற்றுவதற்குச் சட்டசபை உறுப்பினர்கள் பலருக்கு லஞ்சம் பாய்ந்தது என்பது பிறகு வெளிவந்த செய்தி. உரிமை வந்தது, உரிமையோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. பழைய மேற்பார்வைக் குழு கலைக்கப்பட்டு, அதுவரை தேங்கிக் கிடந்த பில்களைத் தணிக்கை செய்ய ஓர் இடைக்காலத் தணிக்கைக் குழு அமைக்கப்பட்டது. குழுவிலே யார் யார்? மேயர் ஹால், நிதிக் கணக்கர் கானலி, ட்வீட்! செலவு செய்தவனே செலவைச் சரிபார்ப்பான். பில் எழுதச் சொன்னவனே பில்லுக்குச் சரி போடுவான்!

அந்தக் குழு எத்தனை முறை கூடிற்று தெரியுமா? ஒரே ஒரு முறை. 1870 மே 5ஆம் நாள் கூடி, பில்களைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கணக்காயர் ஜேம்ஸ் வாட்சன் என்பவரிடம் விட்டுவிட்டுக் கலைந்தது. வாட்சன் யார்? பங்கு பிரித்துக் கொடுக்கும் ஆள்! அந்த ஒரு தீர்மானத்தின் நிழலிலே 60 லட்சம் டாலருக்கு மேல் கஜானாவிலிருந்து வெளியேறிற்று. நூற்றுக்குப் பதினைந்தாக இருந்த கூடுதல் இப்போது நூற்றுக்கு அறுபத்தைந்து. வேலை செய்தவனுக்கு 35 டாலர், கூட்டத்துக்கு 65 டாலர். அந்த அறுபத்தைந்திலே 25 ட்வீட்டுக்கு.

பளிங்குக் கொள்ளை

இந்தத் தணிக்கையின் லட்சணத்தைப் பார்க்க வேண்டுமானால், நாம் முதலில் கண்ட அந்த நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்தால் போதும். 1858இல் அதற்கு ஒதுக்கிய பணம் இரண்டரை லட்சம் டாலர். கடைசியில் ஆன செலவு ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். 1867இல் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா நிலப்பரப்பு முழுவதையும் வாங்கியதே, அதற்குக் கொடுத்த விலை 72 லட்சம் டாலர்தான். ஒரு நாட்டையே வாங்கிய விலையைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு, ஒரு கட்டடத்துக்கு!

சுவருக்குச் சாந்து பூசிய கார்வி என்பவர் பெயரில் 28 லட்சம் டாலருக்கு மேல் பில். நாற்காலி, மேசை, கம்பளம் என்று ட்வீட்டின் நண்பர் இங்கர்சால் பெயரில் 56 லட்சம் டாலருக்கு மேல். இரும்பும் பளிங்குமான கட்டடத்திலே தச்சு வேலை கொஞ்சம்; ஆனால் ஒரு தச்சருக்கு ஒரே மாதத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம் டாலர். வெப்பமானி பதினொன்று, விலை 7,500 டாலர்! உலகத்திலே இல்லாத மனிதர்களின் பெயரிலும் காசோலை போயிற்று. உளி பிடித்து உழைக்கும் தோழனே, ஒரு மாதத் தச்சுக் கூலி மூன்றரை லட்சத்துக்கு மேல் என்று எழுதியிருந்த அந்த ஏட்டை நீ ஒரு முறை பார்த்திருந்தால், ஒரே நொடியில் சொல்லியிருப்பாய் அது பொய் என்று. உன் கண்ணில் படாமல் வைத்ததுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

நிலக்கரி கொடுத்த கை

ஆனால் ஏழைகள் அவனை வெறுத்தார்களா? இல்லை. அங்கேதான் நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பஞ்சம் துரத்த அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த மக்கள், காற்றும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்புகளில் அடைந்து கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சீமான்கள் முகம் சுளித்தபோது, டம்மனி அவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, குடியுரிமை வாங்கிக் கொடுத்தது, சாவு விழுந்தால் வந்து நின்றது. 1870இன் கடுங்குளிரில், தன் வட்டாரத்து ஏழைகளுக்கு உணவும் நிலக்கரியும் வாங்க ட்வீட் 50,000 டாலர் கொடுத்தான். மருத்துவமனைகளுக்கும் அனாதை விடுதிகளுக்கும் அரசுப் பணம் வாங்கித் தந்தான். இவற்றை மறைத்துவிட்டு அவன் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் அந்த 50,000 யாருடைய பணம்? கஜானாவிலிருந்து எடுத்த கோடிகளில் ஒரு பிடி! வரியை உயர்த்தினால் ஊர் விழித்துக்கொள்ளும் என்பதால் கடன் பத்திரம் அச்சடித்தார்கள். நகரத்தின் கடன் சில ஆண்டுகளுக்குள் மடங்கு மடங்காக ஏறிற்று. அந்தக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டியது யார்? நிலக்கரி வாங்கிய ஏழையும், அவன் பிள்ளையும்! வலக்கையிலே நிலக்கரி கொடுத்து, இடக்கையாலே அடுப்பையே எடுத்துப் போனான் என்றால், கொடுத்த கையை மட்டும் கும்பிடுவதா?

ஆறு செல்வர்களின் ஆறு மணி நேரம்

1870இன் இறுதியிலே முணுமுணுப்பு வளர்ந்தது. தேர்தலோ நெருங்கிற்று. கணக்கைக் காட்டு என்ற குரல் கேட்டதும் கானலி ஒரு தந்திரம் செய்தார். நகரத்தின் பெருஞ்செல்வர் ஆறு பேரை அழைத்தார். ஆஸ்டர் குடும்பத்து ஜான் ஜேக்கப் ஆஸ்டர் தலைமை. ஆறு பேரும் ஏட்டைப் புரட்டினார்கள். ஆறு மணி நேரம் பார்த்தார்கள் என்பார்கள். தேர்தலுக்குச் சற்று முன்னால் அறிக்கை வந்தது. ஏடுகள் ஒழுங்காக இருக்கின்றன, குறை ஏதுமில்லை என்று நற்சான்று!

சொத்துக்கு வரி மதிப்பிடும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ, அவர்களைப் பகைத்துக்கொள்ளச் சொத்துக்காரர்கள் விரும்பவில்லை என்று அந்நாளிலேயே பேசிக்கொண்டார்கள். பெயர் பெரிது, பார்வை சிறிது. வெளியாட்கள் வந்து பார்த்தால் மட்டும் போதாது. வெளியாளுக்கு உள்ளே ஒரு பயமோ ஒரு பயனோ இருந்தால், அவனும் உள்ளாள்தான்!

இரண்டு எழுத்தர்கள்

பிறகு எப்படித்தான் வெளிவந்தது? ஒரு விபத்திலிருந்து வந்தது. 1871 ஜனவரியில் வாட்சன் சென்ற பனிவண்டி மோதிற்று. ஒரு வாரத்தில் அவர் இறந்தார். அதனால் ஏற்பட்ட மாற்றத்திலே மாத்யூ ஓரூர்க் என்பவர் கணக்கெழுதும் இடத்துக்கு வந்தார். ஏட்டைத் திறந்தார், திடுக்கிட்டார், படியெடுத்தார். கோப்லண்ட் என்ற மற்றொரு எழுத்தரும் அதே அலுவலகத்தில் படியெடுத்துவந்தார். அவரை அங்கே நுழைத்தவர் முன்னாள் ஷெரிப் ஓப்ரியன். ஓப்ரியனுக்கு நகரத்திடமிருந்து வர வேண்டிய பணத்தை ட்வீட் கூட்டம் மறுத்திருந்தது. ஆக, ஒருவர் நேர்மையால், ஒருவர் கோபத்தால்! எதனாலாயினும் ஏடு வெளிச்சத்துக்கு வந்தது. தணிக்கைக் குழு செய்யாததை, செல்வர் குழு செய்யாததை, மாதச் சம்பளம் வாங்கும் எழுத்தர்களின் பேனா செய்தது.

நியூயார்க் டைம்ஸ் ஏடு 1871 ஜூலையில் அந்தக் கணக்கை அப்படியே வெளியிட்டது. வசை இல்லை, வர்ணனை அதிகமில்லை. பெயர், நாள், தொகை! வெளியிடாமல் இருக்க அதன் உரிமையாளர் ஜார்ஜ் ஜோன்சுக்கு 50 லட்சம் டாலர் தர கானலி முன்வந்தார், ஜோன்ஸ் மறுத்தார். ஜூலை 29இல் கணக்கு முழுவதையும் தனி இணைப்பாக, ஜெர்மன் மொழி பேசும் தொழிலாளரும் படிக்கும் வகையில் ஜெர்மனிலும் அச்சிட்டு, 2 லட்சம் படிகளுக்கு மேல் விற்றார்கள். படிக்கத் தெரியாதவருக்கு தாமஸ் நாஸ்ட்டின் கேலிச்சித்திரம் இருந்தது. எழுத்தைவிட அந்தப் படங்களுக்கே ட்வீட் அஞ்சினான். தன் மக்களுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கண் உண்டே! நாஸ்ட்டுக்கும் பேரம் நடந்தது. 5 லட்சம் டாலர்வரை ஏறிற்று. அவரும் அசையவில்லை.

செப்டம்பர் 4ஆம் நாள் கூப்பர் மண்டபத்திலே பெருங்கூட்டம். எழுபதுபேர் குழு பிறந்தது. நீதிமன்றத் தடையால் கஜானா பூட்டப்பட்டது. அப்போது முதலில் நின்றது எது? சாலை போட்ட, பூங்காவில் மண் வெட்டிய தொழிலாளியின் கூலி! கொள்ளையடித்தவன் வைர ஊசியுடன் உலவினான். மண்வெட்டி பிடித்தவன் கூலி கேட்டு நகரமன்ற வாசலில் நின்றான். கணக்குக் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவன் யார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதே வாரத்திலே கானலியின் அலுவலகத்திலிருந்து 3,500 பற்றுச்சீட்டுகள் களவு போயின. ஏட்டைத் திருடினால் குற்றம் மறையும் என்று எண்ணினார்கள் போலும்! ஆனால் வங்கியிலே இன்னொரு ஏடு இருந்தது. சாமுவேல் டில்டன் பிராட்வே வங்கிக் கணக்கை எடுத்து, கார்விக்குக் கொடுத்த பணம் எங்கே போயிற்று, இங்கர்சாலுக்குக் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று வரி வரியாகத் தொடர்ந்தார். 9 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு மேல் ட்வீட்டின் கணக்கில் போய் விழுந்திருந்தது! கானலியின் இடத்திலே ஆண்ட்ரூ கிரீன் வந்து உட்கார்ந்தார். கூட்டத்தோடு உறவில்லாதவர், ஒவ்வொரு பில்லையும் பார்த்தார், ஆதாரமில்லாததை நிறுத்தினார், தொழிலாளியின் கூலிக்கு வழி செய்தார்.

முடிவு

அதற்குப் பின்னும் 1871 நவம்பர் தேர்தலில் ட்வீட் தன் தொகுதியில் வென்றான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. நிலக்கரியின் சூடு அவ்வளவு எளிதில் ஆறாது!

1873இல் தண்டனை பன்னிரண்டு ஆண்டு. மேல்நீதிமன்றம் அதை ஓராண்டாகக் குறைத்தது. வெளியே வந்தவனை 60 லட்சம் டாலர் கேட்கும் வழக்கு பிடித்துக்கொண்டது. 30 லட்சம் டாலர் ஜாமீன் கட்ட முடியாமல் மீண்டும் சிறை. 1875 டிசம்பர் 4ஆம் நாள், காவலர் துணையோடு வீட்டுக்குப் போயிருந்தபோது தப்பினான். கியூபா போனான், அங்கிருந்து ஸ்பெயின் போனான். அங்கே விகோ துறைமுகத்தில் பிடிபட்டான். அடையாளம் காட்டியது எது? நாஸ்ட் வரைந்த அந்தக் கேலிப்படம்! 1877இல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில். கிடைக்கவில்லை. 1878 ஏப்ரல் 12ஆம் நாள், லட்லோ தெருச் சிறையிலே, தன் 55ஆம் வயதில் கண்மூடினான். ஹால் தண்டனையின்றித் தப்பினார். ஸ்வீனி பணம் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார். கானலி வெளிநாட்டில் மறைந்தார். களவு போன தொகை இரண்டரைக் கோடியா, நாலரைக் கோடியா, இருபது கோடியா என்பது இன்றுவரை தீரவில்லை. எப்படித் தீரும்? கணக்கே இல்லையே!

நகரம் பாடம் கற்கவும் நெடுநாள் ஆயிற்று. நூறாண்டு கழித்து, 1975இல், நியூயார்க் மறுபடியும் திவாலின் விளிம்புக்கு வந்தது. அதன் பிறகுதான் ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளர் நகரக் கணக்கைப் பார்த்தாக வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. ட்வீட் எழுப்பிய நீதிமன்றம் இன்றும் நிற்கிறது. அவன் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

தோழர்களே, இந்தக் கதையிலே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது? ட்வீட் கெட்டவன், நாம் நல்லவர்கள் என்று மார்தட்டிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. ட்வீட்டும் ஏழையின் பிள்ளை, நம்மைப் போல. ட்வீட்டும் தீக்குள் ஓடியவன், தெருவுக்கு உழைத்தவன். அவனைச் சுற்றிக் காவலுக்கு ஆளில்லாமலும் இல்லை. குழு இருந்தது, தணிக்கை என்ற பெயர் இருந்தது, பெரிய மனிதர்களின் நற்சான்றும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: அவனுக்கு அஞ்சாத, அவனிடம் கைநீட்டாத ஒரு கணக்காயன்.

நாளை எந்த ஊரிலே எந்த மன்றத்திலே நம் தோழன் ஒருவன் போய் உட்கார்ந்தாலும், அவன் முதலில் தேட வேண்டியது தனக்கு வேண்டியவனான கணக்கனை அல்ல. தன்னை நம்பாத கணக்கனை! ஏட்டை அவன் முன்னே விரித்து வைத்து, வாசல் கதவையும் திறந்து வைக்கட்டும். நம் ஆளே பார்க்கட்டும், எதற்கு வீண் வம்பு என்று எவனாவது காதிலே சொன்னால், கணக்குப் பார்க்காத குற்றத்துக்காகக் கூண்டிலே நின்றவனை நினைத்துக்கொள்ளட்டும்!